தனுஷ்கோடிக்கு ரயில் போனது எதற்காக?

கேள்வி: தனுஷ்கோடி மணலில் இடிந்து நிற்கும் ரயில் நிலையம் யாருக்காகக் கட்டப்பட்டது? இடிந்த பிறகு ஏன் மீண்டும் திறக்கவே இல்லை?

பதில்: ஊருக்காகக் கட்டப்பட்டதல்ல, கப்பலுக்காகக் கட்டப்பட்டது. அதற்கு முன்பு சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் போய்க் கப்பல் ஏறினார்கள். இரவெல்லாம் கடலில் கிடக்க வேண்டும். இலங்கைக்கே ரயில் பாலம் போடும் யோசனையும் இருந்தது. செலவை நினைத்துக் கைவிட்டார்கள். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்தபின், தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் வண்டி ராமேஸ்வரம் தீவின் தென்கிழக்குக் கோடியிலுள்ள தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 35 கி.மீ.தான்.

சென்னை எழும்பூரிலேயே கொழும்புக்கு ஒரே சீட்டாக வாங்கிவிடலாம். கப்பலோடு சேர்ந்த பயணம் என்பதால் அந்த வண்டிக்கு ‘போட் மெயில்’ என்று பெயர். தனுஷ்கோடித் துறையில் இறங்கினால் ‘இர்வின்’ அல்லது ‘கோஷன்’ கப்பல்; அக்கரையில் மறுபடி ரயில். தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளருக்கு மட்டும் பயணம் இத்தனை சுலபமில்லை. நோய்த்தடுப்புக்கென்று மண்டபம் முகாமில் அடைத்துவைத்த பிறகே கப்பலேற விட்டார்கள்.

பாம்பனில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ராமேஸ்வரத்துக்கு, மற்றது தனுஷ்கோடிக்கு. இன்று ராமேஸ்வரம்தான் கடைசி நிலையம் என்று நினைக்கிறோம். அன்று போட் மெயில் போய் நின்றது தனுஷ்கோடியில்.

1964 டிசம்பர் 22, புயல் வீசிய இரவு. நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து 653 எண் பயணிகள் வண்டி ஆறு பெட்டிகளோடு கிளம்பியது. தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் விழவில்லை. புயலில் எதிரே ஒன்றும் தெரியாத நிலையில் வண்டி மெல்ல நகர்ந்தது. எழும்பிவந்த கடல் பெட்டிகளை அப்படியே வாரிக்கொண்டது. அதிகாரபூர்வக் கணக்குப்படி இறந்தவர்கள் 115 பேர்; சீட்டில்லாமல் ஏறியவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

புயலில் சேதமடைந்த பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள். புயலில் அழிந்த தனுஷ்கோடியையோ குடியிருக்கத் தகுதியற்ற இடமென்று அரசு அறிவித்தது. ஊரும் இல்லை, துறையும் இல்லை என்றான பின் அங்கே ரயிலுக்கு வேலையில்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, 1980களில் இலங்கைக் கலவரச் சூழலில் அதுவும் நின்றது.

2019 மார்ச்சில் ராமேஸ்வரம் – தனுஷ்கோடி இடையே சுமார் 17 கி.மீ. புதிய பாதைக்கு அடிக்கல் நாட்டினார்கள். சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி மாநில அரசு வேண்டாமென்றதால் அது அடிக்கல்லோடு நிற்கிறது. பழைய நிலையத்தில் மிஞ்சியவை சில சுவர்களும், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியின் இடிபாடும்தான். சென்னை – ராமேஸ்வரம் வண்டியை இன்னும் பலர் போட் மெயில் என்றே சொல்கிறார்கள்.