'ட்ரை அகெய்ன்' பட்டன்ல கை வைக்காதே!

விண்டோஸ் 11 அப்கிரேடு எழுபது எண்பது சதவீதம் ஓடி, ரெண்டு தடவை ரீஸ்டார்ட் ஆகி, கடைசியில பழைய விண்டோஸ் 10-லயே வந்து நிக்குதா? பயப்படாதே தங்கச்சி. நடுவுல எங்கயாவது இடறினா பழையபடி ஆக்கிக் கொடுத்துடுற மாதிரிதான் அந்த புரோகிராமை எழுதியிருக்காங்க. பெரும்பாலும் உன் போட்டோ, ஃபைல் எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கும். ஆனா உடனே 'ட்ரை அகெய்ன்' அழுத்தாதே. தடுத்த காரணத்தை எடுக்காம எத்தனை தடவை ஓட்டினாலும் அதே இடத்துலதான் நிக்கும்.

அடுத்த வேலைக்கு முன்னாடி ஃபைலை எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடு. அப்பா பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ணின கடிதங்கள் இருந்தா, அந்த ஃபான்ட் ஃபைலையும் சேர்த்து எடு. அது இல்லாட்டி கடிதம் இருந்தும் படிக்க முடியாது.

இப்போ திரையில வந்த பிழை எண்ணைப் பாரு. போன்ல படம் எடுத்து வச்சுக்கோ. 80070070-ன்னு முடிஞ்சா சி டிரைவ்ல இடம் பத்தலை. இருபது ஜிபிக்கு மேல காலி பண்ணு. 1900208-ன்னா ஒத்துவராத சாஃப்ட்வேர் ஏதோ குறுக்கே நிக்குது. 1900107-ன்னா முந்தின முயற்சியோட மிச்சம் இன்னும் சுத்தமாகலை. ரீஸ்டார்ட் பண்ணிட்டு, டிஸ்க் கிளீனப்ல தற்காலிக ஃபைல்களைத் துடைச்சா போதும்.

படுத்தி எடுக்கிறது 1900101. பழைய கம்ப்யூட்டர்ல அதிகம் பார்க்கிறதும் இதுதான். டிரைவர் தகராறுன்னு வச்சுக்கோ. அந்த எண்ணுக்குப் பக்கத்துல இன்னொரு சின்ன எண் இருக்கும். அதை யாரும் கவனிக்கிறதில்லை. அந்தச் சின்ன எண்ல எக்ஸுக்கு அடுத்த இலக்கம் 2-ன்னா, புது விண்டோஸ் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே நின்னுடுச்சு. பிரிண்டர், டாங்கிள், கார்டு ரீடர், ரெண்டாவது மானிட்டர் எல்லாத்தையும் கழட்டு. கீபோர்டும் மவுஸும் போதும். கம்ப்யூட்டர் கம்பெனியோட சைட்ல புது பயாஸ் இருக்கான்னும் பாரு. அந்த இலக்கம் 3 அல்லது 4-ன்னா, புது விண்டோஸ் எழுந்து ஏதோ ஒரு டிரைவர்ல இடறியிருக்கு. கிராஃபிக்ஸ், வைஃபை டிரைவரைப் புதுசாக்கு. வெளியில வாங்கின ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணினா போதாது, அன்இன்ஸ்டால் பண்ணு. விண்டோஸோட சொந்தப் பாதுகாப்பு தானா வேலைக்கு வந்துடும்.

எண்ணே வராம ஒரே சதவீதத்துல மணிக்கணக்கா நின்னா, ஹார்ட் டிஸ்க் லைட்டைப் பாரு. மினுக்கிக்கிட்டு இருந்தா விட்டுடு, வேலை நடக்குது. லேப்டாப்னா சார்ஜர் மாட்டியே இருக்கணும். டெஸ்க்டாப்னா யுபிஎஸ் இல்லாம ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதே.

பழைய கம்ப்யூட்டர்னா என் சந்தேகம் முதல்ல போறது ஹார்ட் டிஸ்க் மேலதான். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு இலவச புரோகிராம் இருக்கு. அதுல 'காஷன்'னு மஞ்சள்ல காட்டினா, அப்கிரேடு பேச்சையே அங்க நிறுத்து. அந்த டிஸ்க்ல ஜிபி ஜிபியா எழுத வைக்கிறது ஆபத்து. எஸ்எஸ்டி ஒண்ணு மாத்தினா பாதிப் பிரச்னை தீரும், வேகமும் கூடும். ரேம் வாங்கப் போற காசை முதல்ல இதுக்குப் போடு.

'இந்த பிசி தகுதி இல்லை'ன்னு ஆரம்பத்துலயே வந்தா கதை வேற. இன்டெல்ல எட்டாம் தலைமுறைக்கு முந்தின சிப்புகளை விண்டோஸ் 11 பெரும்பாலும் ஏத்துக்காது. சிப் சரியா இருந்தும் மறுத்தா, டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு வசதி பயாஸ்ல அணைஞ்சு கிடக்கலாம். இன்டெல் போர்டுல பிடிடி, ஏஎம்டி-ல எஃப்டிபிஎம்னு பேர் போட்டிருக்கும். பிட்லாக்கர்னு டிஸ்க் பூட்டு போட்டிருந்தா, பயாஸைத் தொடுறதுக்கு முன்னாடி அந்த 48 இலக்க ரெகவரி கீயைப் பேப்பர்ல எழுதிக்கோ. இன்னொண்ணு: பயாஸ்ல பூட் முறையை லெகசியில இருந்து யுஇஎஃப்ஐக்கு சும்மா மாத்திடாதே. டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில இருந்தா விண்டோஸ் எழுந்திரிக்காது. எம்பிஆர்2ஜிபிடி-ங்கிற கருவி விண்டோஸ் 10-லயே இருக்கு; அதால டிஸ்க்கை முதல்ல மாத்தணும். அவசரப்பட்டு மாத்திட்டியா? திரும்ப லெகசியிலயே வச்சா, பழைய விண்டோஸ் வந்துடும்.

தகுதிச் சோதனையை ஏமாத்தி உள்ளே நுழைக்கிற வழிகளும் இருக்கு. விளையாடிப் பார்க்கிற மெஷின்ல செஞ்சுக்கோ. அப்பா பேங்க் வேலை பார்க்கிற மெஷின்ல வேண்டாம். அப்படி நுழைச்சதுக்குத் தொடர்ந்து அப்டேட் தருவோம்னு மைக்ரோசாஃப்ட் உறுதி தரலை.

அப்கிரேடு வெற்றியா முடிஞ்சாலும் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரை உடனே அழிச்சிடாதே. பத்து நாள் வரைக்கும் பழசுக்குத் திரும்பிப் போக அதுதான் வேணும். அதுக்குள்ள பிரிண்டர், ஸ்கேனர், வெப்கேம் மூணையும் ஓட்டிப் பார்த்துடு.

எதுவுமே ஒத்துவரலையா? விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. வீட்டு உபயோகக்காரங்களுக்கான நீட்டிப்புத் திட்டத்துல சேர்ந்தா 2026 அக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும்னு அறிவிச்சிருந்தாங்க. அதுக்கு அப்புறம் விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட். பென் டிரைவ்ல போட்டு, டிஸ்க்ல எதையும் எழுதாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்குதா, சவுண்ட் வருதா, தமிழ் டைப் பண்ண முடியுதான்னு பார்த்துட்டு அப்புறமா இன்ஸ்டால் பண்ணு.