போடிமெட்டு ஏறும் பைக்: இருக்கை, சஸ்பென்ஷன் – முக்கியக் குறிப்புகள்

(மோட்டார் வாகன ஆய்வாளர் தேர்வுக்கும், போட்டித் தேர்வுகளின் பொது அறிவியல் பகுதிக்கும்)

சாலை

• தேனி மாவட்டம் 1996-ல் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் ஊடே போவது தேசிய நெடுஞ்சாலை 183: திண்டுக்கல், தேனி, கம்பம், குமுளி, கொல்லம். தேனியில் அதைச் சந்திப்பது 85: கொச்சி, மூணாறு, போடி, தேனி, மதுரை, தொண்டி. பழைய புத்தகங்களில் இவற்றுக்கு உள்ள 220, 49 என்ற எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

• இந்த 85-ல் வரும் போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18. சமவெளியில் தெரியாத சஸ்பென்ஷன் குறை இங்கே சில வளைவுகளிலேயே வெளியே வந்துவிடும்.

• இந்தியச் சாலைக் காங்கிரஸ் (தொடக்கம் 1934) விதிப்படி கொண்டை ஊசி வளைவின் குறைந்தபட்ச வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கி.மீ.; உள்வளைவின் குறைந்தபட்ச ஆரம் 14 மீட்டர். இந்த இரண்டு எண்களை வைத்தே ஒரு நல்ல கணக்குப் போடலாம். சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட் = வேகத்தின் வர்க்கம் ÷ (ஆரம் × புவியீர்ப்பு முடுக்கம்). 20 கி.மீ. வேகத்தில் பைக் சுமார் 13 பாகை சாய வேண்டும். 30 கி.மீ. என்றால் சுமார் 27 பாகை. வேகம் ஒன்றரை மடங்கு கூடியதற்குச் சாய்வு இரு மடங்கைத் தாண்டிவிட்டது. அந்தச் சாய்வில் ஸ்பிரிங்குகள் மேல் விழும் பாரமும் சுமார் 12 விழுக்காடு கூடும். தளர்ந்த ஷாக் அப்சார்பர் வளைவில் பைக்கை ஊஞ்சலாக்குவதற்குக் காரணம் இதுதான்.

• வேகத்தடையின் விதி: உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீ., வளைவு ஆரம் 17 மீ.; கடக்கும் வேகம் 25 கி.மீ. ஊருக்குள் இதற்குப் பொருந்தாத மேடுகள் எத்தனையோ. முதுகுவலிக்குப் பைக்கை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

ஸ்பிரிங்கும் ஆயிலும்

• ஹூக் விதி (1678): மீட்சி எல்லைக்குள், விசைக்கு நேர்விகிதத்தில் நீட்சி. பின்பக்கம் இரண்டு ஷாக் இருந்தால் அவை பக்க இணைப்பு, விறைப்பு கூடும். ஒவ்வொன்றும் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்றால் மொத்தம் 40. பின்னால் 60 கிலோ ஆள் ஏறினால் சுமார் 600 நியூட்டன், 15 மி.மீ. இறங்கும். (ஷாக்குகள் செங்குத்தாக நிற்கின்றன, ஆளின் முழுப் பாரமும் பின்பக்கமே விழுகிறது என்று கொள்க.)

• ஸ்பிரிங் ஆற்றலைச் சேமிக்கும். ஆயில் அதை வெப்பமாக மாற்றிக் கரைக்கும். தேர்வில் அடிக்கடி தவறவிடும் வேறுபாடு இது. ஆயில் வேலை செய்யாத ஷாக்கில் அதிர்ச்சி உள்ளே போகும், அப்படியே திரும்பி வரும்.

• மோசமான சாலையில் தொடர்ந்து ஓடினால் ஆயில் சூடாகும், பாகுநிலை குறையும், நுரைக்கும். நுரையைத் தடுக்கவே சில ஷாக்குகளில் அழுத்தமூட்டிய நைட்ரஜன்.

• பின் ஷாக்கின் அடியில் படிப்படியாக இருக்கும் வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் ‘ஹார்டு’ ஆகிறது என்பார்கள். ஆகாது. ஸ்பிரிங்கின் விறைப்பு மாறுவதில்லை. தொடக்க அழுத்தமும் பைக்கின் நிற்கும் உயரமும்தான் மாறுகின்றன. தனியாகப் போகும்போது ஒரு படி, பின்னால் ஆளோ உரமூட்டையோ ஏறினால் மேல் படி. காசில்லாமல் கிடைக்கும் இந்தச் சொகுசை நம்மில் பெரும்பாலோர் தொடுவதே இல்லை.

• போர்க் (முன்பக்க சஸ்பென்ஷன்) சோதனை: முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை அமுக்கி விடுங்கள். ஒரே மூச்சில் எழுந்து நின்றால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் ஆயில் மாற்றும் காலம். பிறகு பளபளக்கும் குழாயில் விரலை இழுத்துப் பாருங்கள். பிசுபிசுப்பும் அதில் அப்பிய செம்மண்ணும் வந்தால் ஆயில் சீல் போய்விட்டது. அந்த ஆயில் டிஸ்க் பேடில் இறங்கிய வண்டியோடு மலை இறங்கக் கூடாது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரத்தின் பெரும்பகுதி முன்சக்கரத்துக்கு வருகிறது. கைகொடுக்க வேண்டியது முன் பிரேக்தான்.

இருக்கை

• அழுத்தம் = விசை ÷ பரப்பு. குறுகிய சீட்டில் உடல் எடை முழுவதும் இரண்டு இடுப்பெலும்பு முனைகளில் இறங்கும். அகலமே முதல் மருந்து, மென்மை அல்ல.

• பஞ்சு மாதிரி மெத்தென்ற ஃபோம் கடையில் சுகமாக இருக்கும். உத்தமபாளையம் தாண்டுவதற்குள் தட்டையாகி, அடியில் உள்ள தகடு உறுத்தும். சற்று விறைப்பான, அடர்த்தி கூடிய ஃபோமே நீண்ட பயணத்துக்கு. அடர்த்தியும் விறைப்பும் ஒன்றல்ல: அடர்த்தி உழைப்பைச் சொல்லும், விறைப்பு அமர்வைச் சொல்லும்.

• பாலியூரித்தேன்: ஓட்டோ பேயர், ஜெர்மனி, 1937.

• செங்குத்து அதிர்வில் மனித உடல் மிகுதியாக உணர்வது விநாடிக்கு 4 முதல் 8 வரையிலான அலைவுகளை. அளவீட்டுத் தரம்: ஐ.எஸ்.ஓ. 2631.

• செலவு செய்யும் வரிசை: டயர் காற்று, ஷாக் படி, போர்க் ஆயில், கடைசியில் சீட். காற்று அதிகமான டயரை வைத்துக்கொண்டு குஷன் கடைக்குப் போவது வீண்செலவு. சீட்டை உயர்த்தினால் கால் எட்டாமல் போகும். சரிவில் வண்டியை நிறுத்தித் திருப்பும்போது அது சொகுசுப் பிரச்சினை அல்ல, விழுவதா நிற்பதா என்ற பிரச்சினை.

ஆண்டுகள்

• காற்றடைத்த டயர், டன்லப்: 1888. எண்ணெய்த் தணிப்புள்ள டெலஸ்கோபிக் போர்க், பி.எம்.டபிள்யூ. ஆர்12: 1935. மெட்ராஸ் மோட்டார்ஸ்–ராயல் என்ஃபீல்டு கூட்டு: 1955. இந்தியாவின் முதல் இரண்டு இருக்கை மொபெட், ஓசூரின் டி.வி.எஸ். 50: 1980. மோனோஷாக்குடன் (ஒற்றைப் பின் ஷாக்) ஹோண்டா யூனிகார்ன்: 2004.

சட்டம்

• மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 128: ஓட்டுநர் தவிர ஒருவர் மட்டுமே, அவரும் உறுதியாகப் பொருத்திய முறையான இருக்கையில்.

• பிரிவு 52: பதிவுச் சான்றின் விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. பிரிவு 182-ஏ(4), 2019 திருத்தம்: அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

• மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 123: பின்னால் ஆள் அமரும் பைக்கில் நிலையான கைப்பிடி, கால்மிதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் சேலைக் காப்பு மூன்றும் வேண்டும். அழகுக்காகக் கழற்றப்படுவதும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.