மூன்றாம் இருக்கையின் உரிமையும் வரம்பும்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் காண்ட்ராக்ட் பிரிட்ஜ் பயிலும் இளம் ஆட்டக்காரர்களுக்கு,



2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதன்முறையாக இடம்பெற்றபோது, பிரணாப் பர்தன் தம் 60ஆம் வயதிலும் ஷிப்நாத் சர்க்கார் தம் 56ஆம் வயதிலும் ஆடவர் இணைப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வென்றனர். நெடுங்காலப் பயிற்சியில் முதிரும் கணிப்புக்கே இந்த ஆட்டம் பரிசளிக்கிறது என்பதால், நல்ல பழக்கங்கள் இளமையிலேயே படிய வேண்டும். அவற்றுள் முதன்மையான ஒன்று மூன்றாம் இருக்கையில் தடுப்பு ஏலம் கேட்கும் முறை.

எந்தச் சின்னத்தைத் துருப்பாக்கி எத்தனை பிடி எடுக்க முடியும் என்று தரும் வாக்கே ஏலம். ஒரு சுற்றில் விழும் நான்கு சீட்டுகள் ஒரு பிடி. வலுக் குறைந்த கையில் ஒரு சின்னம் மட்டும் நீண்டு அமையும்போது, ஏலத்தை உயர்ந்த படியில் தொடங்கி, எதிரணியினர் தம் கைகளை ஒருவருக்கொருவர் உணர்த்துவதற்கான இடத்தைப் பறித்துவிடுவதே ‘பிரிஎம்ப்ட்’ எனப்படும் தடுப்பு ஏலம்.

முதல் இருக்கையில் இந்த ஏலம் இன்னும் பேசாத கூட்டாளியையும் சேர்த்தே தடுத்துவிடலாம். மூன்றாம் இருக்கையிலோ கூட்டாளியும் ஓர் எதிராளியும் ‘பாஸ்’ சொல்லிவிட்ட நிலையில், பேச எஞ்சியிருப்பவர் எதிரணியின் மற்றொருவரே. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று எண்ணினால் சீட்டுக்கட்டில் மொத்தம் 40 புள்ளி. 12 புள்ளி இருந்தால் ஏலத்தைத் தொடங்குவது பொதுவழக்கு. ஸ்பேடில் ராஜா, ராணி, ஜாக்கி, 10, 7, 3 ஆகியவையும் பிற சின்னங்களில் சிறு சீட்டுகளும் வந்த ஒரு கையில் இருப்பது 6 புள்ளியே. மீதி 34இல், பாஸ் சொன்ன இருவரிடமும் ஆளுக்கு 11க்கு மேல் இராது எனக் கொண்டால், நான்காமவரிடம் குறைந்தது 12 இருந்தாக வேண்டும். அவருடைய வழியை அடைப்பதே பயன் என்பதால், முதல் இருக்கையில் ‘இரண்டு ஸ்பேடு’ என்று அடக்கமாகத் தொடங்கத் தக்க இந்தக் கையை இங்கே ‘மூன்று ஸ்பேடு’ என்று உயர்த்தலாம்.

ஆயினும், பட்டாசு ஆலையின் மருந்துக் கலவை அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதை வேலை தொடங்கும் முன்பே விதி வரையறுப்பதுபோல, இந்த உரிமையின் விலையையும் ஏலம் கேட்கும் முன்பே கணித்துவிட வேண்டும். மூன்று ஸ்பேடுக்கு 9 பிடி தேவை; இந்தக் கை தருவது 5; கூட்டாளி ஒன்று சேர்த்தால் மூன்று குறையும். எதிரணி அபராதத்தைப் பெருக்கும் ‘டபுள்’ சொல்லியிருந்தால், பரிசும் அபராதமும் உயரும் ‘வல்னரபிள்’ நிலையில் தம் அணி இல்லாதபோது அபராதம் 500. வல்னரபிளாக உள்ள எதிரணி நான்கு ஹார்ட் ஆடி வென்றால் பெறுவது 620 என்பதால் அந்த இழப்பும் ஆதாயமே. தம் அணி வல்னரபிளாக இருப்பின் அதே மூன்று பிடிக்கு 800 போய்விடும்; அங்கே ‘இரண்டு ஸ்பேடு’ போதும்.

சின்னத்தின் தரத்தையும் இளம் ஆட்டக்காரர் மறத்தல் ஆகாது. எதிரணி ஏலத்தை வென்றால், கூட்டாளி பெரும்பாலும் தடுப்பு ஏலத்தில் கேட்கப்பட்ட சின்னத்தையே முதலில் இறக்குவார். ஜாக்கியைத் தலையாகக் கொண்ட ஏழு சீட்டை நம்பி அந்த ஏலம் கேட்கப்பட்டிருந்தால், அவர் தம் ராஜாவை இறக்கி, கிடைத்திருக்க வேண்டிய பிடியை இழக்க நேரும். தடுப்பு ஏலம் கேட்டவர், கூட்டாளி அழைத்தாலன்றி மீண்டும் ஏலத்தில் இறங்காமல் முடிவை அவரிடமே விடுதல் வேண்டும். தம் கையின் கதையை ஏலம் கேட்டவர் முதல் வாயிலேயே சொல்லிவிட்டார்.

மூன்றாம் இருக்கையில் எவ்வளவு தளர்வாக ஏலம் கேட்பது என்ற உடன்பாடு இணையர் இருவருக்குள் மறைந்திருக்கக் கூடாது. எதிரணிக்கும் அது தெரிய வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. ஆகவே, ஐந்து சீட்டிலும் இரண்டாம் படி ஏலம் உண்டா, ஆறு சீட்டில் மூன்றாம் படி எந்த நிலையில் என்பவற்றை இணையர் பேசி முடிவுசெய்து, தம் ஏலமுறை அட்டையில் தெளிவாக எழுதிய பின்னரே போட்டி மேசையில் அமர்வது முறை.