இருவிசைக் காரின் மின்பழுது

சேர்வராயன் மலையில், ஏற்காட்டு வட்டத்தில் வெள்ளக்கடை என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து ஒருவர் தம் இருவிசைக் காரில் சேலத்திற்கு இறங்குகிறார் என்று கொள்வோம். வழியில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பாதி மலை இறங்கியதும், விசைமிதியைத் தொடாதபோதே எஞ்சின் உரத்து இரைகின்றது. பழுது நேர்ந்ததோ என்று அவர் அஞ்சுகிறார். அது பழுதன்று.

இக்காரில் பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் இணைந்து பணியாற்றுகின்றன. சரிவில் மோட்டாரே மின்னாக்கியாகிப் பேட்டரியில் மின்சாரத்தைச் சேர்க்கின்றது. வண்டியின் வேகமும் தணிகின்றது. பேட்டரி நிரம்பிவிட்டால், எஞ்சினைச் சுழற்றி அவ்விசையைச் செலவிடும் கார்கள் உண்டு. அவ்விரைச்சலே அவர் கேட்டது.

உண்மைப் பழுதைத் தேடுவோர் முதலில் தம் உயிரைக் காத்துக்கொள்ளல் வேண்டும். டொயோட்டா நிறுவனத்தின் பிரியஸ் கார் 1997-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2003-இல் வெளிவந்த அதன் இரண்டாம் வகையில், 7.2 வோல்ட் கொண்ட 28 தொகுதிகள் தொடராக இணைந்து 201.6 வோல்ட் தருகின்றன. இது ஆளைக் கொல்ல வல்லது. ஆதலின் உயரழுத்தக் கம்பிகளுக்கு ஆரஞ்சு நிற உறை இட்டுள்ளனர். பயிற்சி பெற்றவர் வண்டியை அணைத்து, ரப்பர்க் கையுறை அணிந்து, காப்புச் செருகியைக் கழற்றுவர். மின்தேக்கிகளில் எஞ்சிய மின்சாரம் வடியப் பத்து நிமிடம் பொறுத்திருப்பர். மீட்டரால் அளந்து பார்த்த பின்னரே கை வைப்பர்.

எனினும் பெரிய பேட்டரியை உடனே குறைகூறல் தகாது. கணிப்பொறிகளை இயக்கும் 12 வோல்ட் சிறு பேட்டரி தளர்ந்தாலே எச்சரிக்கை விளக்குகள் பல ஒருங்கே எரியும். அதனை அளப்பது எளிது, செலவும் இல்லை. பழுதுக் குறியீடு காட்டும் கருவியும் நோயின் அறிகுறியையே சொல்லும். பேட்டரி கெட்டதென்று அது கூறினும், தொகுதிகளை இணைக்கும் செப்புத் தகட்டில் களிம்பேறியிருக்கலாம். தகட்டைத் துலக்கினால் தீரும் குறைக்குப் புதிய பேட்டரி வாங்கிப் பெரும்பொருள் இழந்தோரும் உளர்.

மலைநாட்டில் வேறொரு தொல்லையும் உண்டு. மூடுபனியின் ஈரம் இணைப்புகளில் புகுந்தால் உயரழுத்த மின்சாரம் வண்டியின் உடலுக்குக் கசியும். வெயிலில் காய்ந்ததும் கசிவு மறையும். பட்டறையில் குறை தென்படாது. ஆகவே வண்டி ஈரமாயிருக்கும்போதே, மேற்கூறிய காவல்களோடு, மெக்கர் கொண்டு ஒவ்வொரு கம்பியின் காப்பையும் தனித்தனியே அளந்து, கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பர்.