தலைக்காயம்: பிழைப்பாரா என்பதை எப்படிக் கணிக்கின்றனர்?

பீடோர் நகரைக் கோலாலம்பூர் – ஈப்போ பெருஞ்சாலை ஊடறுத்துச் செல்கின்றது. தெலுக் இந்தான் சாலையும் இங்கிருந்தே பிரிகின்றது. விடியுமுன் பால் வெட்டுக்குப் புறப்படும் தொழிலாளர் பலர் மோட்டார் சைக்கிளையே நம்பியுள்ளனர். மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றோரே. தலையில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்ததும், "பிழைப்பாரா? மீண்டும் வேலைக்குப் போவாரா?" என்றே குடும்பத்தார் கேட்பர். மருத்துவர் இதற்கு எவ்வாறு விடை காண்கிறார் என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

நினைவை அளக்கும் முறை

முற்காலத்தில் மருத்துவர்கள் "மயக்கம்", "அரை மயக்கம்" எனப் பலவாறு எழுதினர். ஒருவர் எழுதியதை மற்றவர் வேறாகப் பொருள் கொள்ள நேர்ந்தது. இக்குறையைப் போக்க, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர மருத்துவர்களான கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் இருவரும் 1974ஆம் ஆண்டில் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். இன்றைய வழக்கில் கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6 என மொத்தம் 15 புள்ளிகள். மிகக் குறைந்தது 3. புள்ளி 13 முதல் 15 வரை இருப்பின் காயம் இலேசானது. 9 முதல் 12 வரை நடுத்தரம். 8உம் அதற்குக் கீழும் கடுமையானது.

கணக்கிடும் முறை

2008ஆம் ஆண்டில் 'கிராஷ்' எனும் ஆய்வுக் குழுவினர், பல நாடுகளைச் சேர்ந்த 10,008 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு ஒரு கணக்கீட்டு முறையை வெளியிட்டனர். நோயாளியின் வயது, மேற்கண்ட புள்ளி, வெளிச்சம் பட்டதும் கண்மணி சுருங்குகிறதா என்பது, உடலின் பிற பாகங்களில் பெருங்காயம் உண்டா என்பது ஆகிய நான்கும் அதற்கு அடிப்படை. ஸ்கேன் படத்தில் காணும் இரத்தக்கசிவையும் சேர்த்தால் கணிப்பு மேலும் தெளிவுறும். இதனால் 14 நாள்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பையும், ஆறு மாதங்களுக்குப் பின் இறப்போ கடும் ஊனமோ ஏற்படும் வாய்ப்பையும் மதிப்பிடலாம்.

கணிப்பின் எல்லை

தம் நிரையில் இன்று ஏறக்குறைய எவ்வளவு பால் இறங்கும் என்பதைப் பழகிய தொழிலாளி சொல்லிவிடுவார். ஆனால் குறிப்பிட்ட ஒரு மரம் எவ்வளவு தரும் என்று உறுதி கூற இயலாது. மருத்துவரின் கணிப்பும் அத்தகையதே. நூறு பேரில் எத்தனை பேர் தேறுவர் என்று அது கூறும்; நம் வீட்டுப் பிள்ளை அவர்களுள் ஒருவனா என்பதைக் கூறாது. ஆகவே குறைந்த புள்ளியைக் கேட்டவுடன் நம்பிக்கை இழந்து, சிகிச்சையை இடையில் நிறுத்தி வீட்டுக்கு அழைத்துச் செல்லுதல் கூடாது.

அதுபோல, பேசுகிறாரே என்று அலட்சியமாக இருப்பதும் ஆபத்து. மண்டையோட்டினுள் இரத்தம் மெல்லக் கசிந்தால், முதலில் நன்றாகப் பேசியவர் சில மணி நேரத்தில் நினைவிழக்கக்கூடும்.

நம் கடமை

விபத்து நேர்ந்தால் 999 எண்ணை அழைக்க வேண்டும். கழுத்தை அசைத்தல் ஆகாது. அடிபட்ட நேரம், நினைவிழந்தாரா, பேசினாரா, வாந்தி எடுத்தாரா, வலிப்பு வந்ததா, இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவரா என்பவற்றைக் குறித்துவைத்து மருத்துவரிடம் கூற வேண்டும். அவரது கணிப்புக்கும் சிகிச்சைக்கும் இவை உதவும்.

நம் நாட்டில் மோட்டார் சைக்கிளோட்டிகள் தலைக்கவசம் அணிய வேண்டுமென்ற விதி 1973ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. தலைக்கவசம் தலைக்காய ஆபத்தை ஏறக்குறைய 69 விழுக்காடு குறைக்கிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. வெளிக்காட்டுக்குள் சிறிது தூரந்தானே என்று எண்ணாமல், தலைக்கவசத்தை அணிந்து வாரை இறுகப் பூட்டிய பின்னரே வண்டியைக் கிளப்புவோமாக.