துணி பொம்மை தைக்கலாம் வாங்க! (பொறுமை இருந்தா மட்டும்)

ரெண்டு துணியை வெட்டி, சுத்தித் தைச்சு, பஞ்சை அடைச்சா பொம்மை ரெடின்னு எல்லாரும் சொல்வாங்க. தைக்க உட்கார்ந்தாதான் சங்கதி தெரியும்.

காடா துணி, இலவம்பஞ்சு, கெட்டி நூல், ஊசி, கத்தரிக்கோல் போதும். காடாவை முதலில் நனைத்துக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் சுருங்கும். துணியின் கரையை ஒட்டி நீளமாக ஓடுவது பாவு நூல், குறுக்கே போவது ஊடை. பாவு நூல் அவ்வளவாக இழுபடாது. துணியைச் சாய்வாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள், ரப்பர் மாதிரி வரும்! அதனால் ரெண்டு காலையும் பாவு ஓடும் திசையிலேயே வெட்டணும். ஒரு காலை நேராகவும் மற்றதைச் சாய்வாகவும் வெட்டினால், பஞ்சு அடைத்ததும் ரெண்டும் ரெண்டு விதமாக நிற்கும்.

நான் தைத்தது அக்கா குழந்தைக்கு. ஒரு வயசுதான். எது கிடைத்தாலும் இழுக்கும், வாயில் வைக்கும். தையல் விட்டால் பஞ்சு நேரே தொண்டைக்குத்தான். அதனால் ஓட்டுத் தையல் உதவாது, இடைவெளி வழியாகப் பஞ்சு எட்டிப் பார்க்கும். பின் தையல்தான் போடணும். ஊசி ஒரு அடி பின்னால் போய் ரெண்டு அடி முன்னால் வரும். ஒரு கை தைத்து முடிப்பதற்குள் டி.வி.யில் ஒரு சீரியலே முடிந்துவிட்டது! கண்ணுக்குப் பட்டன் வைக்கவில்லை. பிய்த்து விழுங்கிவிடும் இல்லையா? கறுப்பு நூலால் எம்பிராய்டரி போட்டேன். "ஏண்டி, இது முறைக்குது?" என்றாள் அக்கா.

இப்போ பெரிய எரிச்சலுக்கு வருவோம். உள்பக்கம் தைத்ததை வெளிப்பக்கம் திருப்பினால் கழுத்தும் அக்குளும் சுருங்கி நிற்கும். ஏன் தெரியுமா? தையலுக்கு வெளியே விட்ட கால் அங்குலத் துணியின் விளிம்பு, உள்வளைவில் தையல் கோட்டைவிட நீளம் குறைவு. திருப்பியதும் அது விரியணும். விரிய இடமில்லாமல் பிடித்து இழுக்கும். அதனால் திருப்புவதற்கு முன்பே, தையல் நூலில் படாமல் சின்னச் சின்ன வெட்டுகள் போடணும். தலை போன்ற வெளிவளைவில் இதற்கு நேர் எதிர். அங்கே துணி மிஞ்சி மடிந்து கட்டியாகும். முக்கோணமாக வெட்டி எடுத்துவிடணும்.

கையைத் திருப்பப் பென்சிலின் மொட்டைப் பக்கம் போதும். கத்தரிக்கோலால் குத்தினால் ஓட்டைதான்! விரல் நுழையும் அகலமாவது கைக்கு இருக்கணும். அழகாக இருக்கும் என்று அஞ்சு விரலும் தனித்தனியாக வெட்டினால் அழுகைதான் வரும்.

பஞ்சு அடைக்கும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள். மூக்கிலும் துணி கட்டிக்கோங்க. இலவம்பஞ்சு வீடு முழுக்கப் பறக்கும், அப்புறம் அம்மாகிட்ட யார் திட்டு வாங்குவது? கை கால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திணிக்கணும். மொத்தமாக அடைத்தால் உருண்டை உருண்டையாக நிற்கும்.

தஞ்சாவூர் பொம்மைக்குத் தலை ஆடினால் அழகு, துணி பொம்மைக்கு ஆடினால் தலைவலி! கழுத்துக்குள் குச்சி வைக்கச் சிலர் சொல்வார்கள். சின்னக் குழந்தைக்கு அது வேண்டாம், துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். கழுத்தையே அகலமாக வரைந்து, பஞ்சை இறுக்கித் திணித்தால் தலை நிற்கும். பஞ்சு அடைத்த வாயை விளிம்பை உள்ளே மடித்து, நெருக்கமாக ரெண்டு தடவை தைத்து மூடுங்கள்.

அளவுத் தாள் என்னிடம் இருக்கிறது. வேணும்கிறவங்க இடைவேளையில் வந்து பார்த்து வரைஞ்சுக்கலாம்.

– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி