கைப்பொறியைக் கணினிக்கு மாற்றுதல்: சிக்கனத்துக்கு ஒரு வழி

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே உள்ள ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கு ஆய்வின்பொருட்டு நாம் சென்றிருந்தபோது, நிர்வாகக் குழுவினர் ஒரு கடன் மனுவை நம் முன் வைத்து அபிப்பிராயம் கேட்டனர். மனுதாரர் ஒரு பட்டு நெசவாளர். சங்கத்தின் பழைய அங்கத்தினர். அவருடைய மகன் தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பயிற்சி முடித்தவர். சென்னையில் ஒருவர் பொழுதுபோக்காக வீட்டில் வைத்திருந்த சிறிய மில்லிங் இயந்திரத்தை அவர் மலிவாக வாங்கி வந்து, தறிச் சாமான்களையும் பம்புசெட்டுப் பாகங்களையும் பழுது பார்த்துக் கொடுத்து வருகிறார். அந்த இயந்திரத்தைக் கணினியால் இயங்குமாறு மாற்றவே கடன். ஈடு, தாயாரின் நகை.

நகை ஈடாக இருக்கும்போது சங்கத்துக்கு நஷ்டம் வராது என்று ஒரு குழு உறுப்பினர் கூறினார். சங்கத்துக்கு வராது என்பது மெய்யே. அந்தக் குடும்பத்துக்கு வருமா என்பதையும் பார்க்க வேண்டுமல்லவா? ஆதலால் அன்று மாலையே அந்தப் பட்டறையைப் பார்க்கச் சென்றோம். அங்கே கண்டதையும் கற்றதையும் அங்கத்தினர்களுக்குப் பயன்படும் என்று கருதி எழுதுகின்றோம்.

கணினியால் இயந்திரத்தை ஆள்வது நெசவாளருக்குப் புதிய விஷயமன்று. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டில் அமைத்த பெட்டியில் நடப்பது என்ன? அட்டையில் துளை இருக்குமிடத்தில் ஊசி உள்ளே செல்கிறது. அதன் கொக்கி நிமிர்ந்து நின்று கத்தியோடு மேலெழுந்து பாவிழையைத் தூக்குகிறது. துளை இல்லாவிடில் ஊசி தள்ளப்பட்டு, கொக்கி விலகித் தங்கிவிடுகிறது. துளை உண்டு, இல்லை என்னும் இரண்டே சொற்களால் மயிலும் மாங்காயும் புடவையில் எழுகின்றன. இந்த அட்டை முறையைத்தான் இங்கிலாந்தில் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்கு எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் ஹாலரித் 1890-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைத் துளை அட்டைகளைக் கொண்டே எண்ணினார். பின்னர் 1952-இல் அந்நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், துளையிட்ட காகித நாடாவின் கட்டளைப்படி நடக்கும் மில்லிங் இயந்திரத்தைச் செய்து காட்டினர். அதுவும் புதிதாக வார்த்த இயந்திரமன்று. ஏற்கெனவே இருந்த சின்சினாட்டி இயந்திரம் ஒன்றையே மாற்றி அமைத்தார்கள். நம் இளைஞர் செய்ய முனைவதும் அதே வேலைதான், சிறிய அளவில்.

மாற்றத்தின் சாரம் எளிது. இயந்திரத்தின் மேசையை இடவலமாகவும் முன்பின்னாகவும் நகர்த்துவதற்குக் கைப்பிடிகள் உண்டு. ஒவ்வொரு பிடியும் ஒரு திருகைச் சுற்றுகிறது. பிடியைச் சுற்றும் கைக்குப் பதிலாக ஒரு ஸ்டெப்பர் மோட்டாரை அமர்த்த வேண்டும். இது சாதாரண மோட்டாரைப் போல் ஓயாமல் சுழல்வதன்று. மின்துடிப்பு ஒன்றுக்கு ஓர் அடி எடுத்துவைக்கும். பொதுவாகக் கிடைப்பதில் ஒரு சுற்றுக்கு 200 அடிகள். இந்த இயந்திரத்தின் திருகு ஒரு சுற்றுக்கு மேசையை 2 மில்லிமீட்டர் நகர்த்துகிறது. ஆகவே ஓர் அடிக்கு நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர். எத்தனை துடிப்பு, எந்த மோட்டாருக்கு என்று எண்ணிக் கொடுப்பதே கணினியின் வேலை. இடையில் டிரைவர் என்னும் சிறு பெட்டி அத்துடிப்புகளை மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டமாக மாற்றுகிறது.

செலவில் மிகவும் அற்பமானது கணினிதான் என்பது பலருக்கு வியப்பளிக்கும். லினக்ஸ்சிஎன்சி என்னும் மென்பொருள் இலவசம். பழைய மேசைக் கணினியிலேயே ஓடும். ஆர்டுயினோ என்னும் உள்ளங்கையளவுப் பலகையில் இடும் கிரபிள் என்பதும் இலவசமே. ஆனால் லேத்தை மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரை வெட்டும்போது சுழலும் தண்டும் நகரும் உளியும் இணைந்து நடக்க வேண்டும். கிரபிளின் மூல வடிவில் அதற்கு வழியில்லை; லினக்ஸ்சிஎன்சியில் உண்டு.

இனி நாம் சந்தேகப்பட்ட இடத்துக்கு வருவோம். பழைய திருகுக்கும் அதன் நட்டுக்கும் இடையே சிறிது ஆட்டம் இருக்கும். பட்டறையில் இதைப் பிளே என்பார்கள். பிடியை வலப்புறம் சுற்றிவிட்டு இடப்புறம் திருப்பினால், முதற் சிறிது தூரம் பிடி சுற்றும், மேசை அசையாது. டயல் கேஜ் வைத்துப் பார்த்ததில் இந்த இயந்திரத்தில் அது 0.2 மில்லிமீட்டர் இருந்தது. அதாவது திசை மாறும்போதெல்லாம் மோட்டாரின் 20 அடிகள் வீணாகும். கையால் ஓட்டுபவர் இதை அறிந்து சரிசெய்துகொள்வார். கணினிக்கு இது தெரியாது. வட்டம் வெட்டச் சொன்னால், திசை திரும்பும் நான்கு இடங்களிலும் தழும்பு விழும். பிளேயின் அளவைக் கணினியில் எழுதி ஈடுகட்டலாம் என்று விற்பவர் கூறுவர். நிற்கும் இடத்தைப் பொறுத்தவரை அது சரி. வெட்டும் கத்தி மேசையைத் தன் பக்கம் இழுத்துவிட்டால் அந்தக் கணக்கு உதவாது. பால் ஸ்குரூ என்னும் குண்டுத் திருகைப் பொருத்துவதே முறையான பரிகாரம்.

மனுவோடு இருந்த மதிப்பீட்டில் பால் ஸ்குரூ இல்லை. முன்பு ஒரு சங்கத்தில் இப்படிப்பட்ட மதிப்பீட்டை நாம் கேள்வியின்றி ஏற்றுக் கையொப்பமிட்டோம். மோட்டாரும் கணினியும் வந்தன. வேலை அளவுக்கு நிற்கவில்லை. அடுத்த ஆய்வின்போது இயந்திரத்தைச் சாக்கு போர்த்தி வைத்திருந்தார்கள். தவணை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நினைவு நமக்கு இருந்தது. ஆதலால், "தம்பி, முக்கியமானதை விட்டுவிட்டீர்களே" என்றோம்.

அவர் தயங்காமல் பதில் சொன்னார். "ஐயா, நான் வளைவு வெட்டப் போவதில்லை. துளை மட்டுமே போடப் போகிறேன். ஒவ்வொரு துளைக்கும் மேசையை இடப்பக்கத்திலிருந்தே கொண்டுவந்து நிறுத்தினால், பிளே எப்போதும் ஒரே பக்கம் கிடக்கும். துளையிடும்போது விசை கீழ்நோக்கி. மேசையை இழுக்க ஏதுமில்லை." சொன்னதோடு நில்லாமல் கையாலேயே பத்து முறை மேசையைக் கடந்து போய்த் திரும்பி ஒரே பக்கத்திலிருந்து கொண்டுவந்து காட்டினார். டயல் கேஜின் முள் ஏறக்குறைய அதே கோட்டில் வந்து நின்றது. பட்டதாரியான நாம் அங்கே ஒரு பாடம் கற்றோம் என்பதை மறைப்பானேன்!

மேலும் ஒரு நன்மை உண்டு. பால் ஸ்குரூவில் உராய்வு மிகக் குறைவு. மின்சாரம் இல்லாதபோது மேசையைத் தள்ளினாலே அது நகரும். ஆகவே கையால் வெட்டும் வேலைக்கு அவ்வியந்திரம் உதவாது. மேலும் கீழும் செல்லும் தலைப்பகுதிக்கு அதைப் பொருத்தினால், மின்தடை வந்தவுடன் தலை தன் எடையாலேயே இறங்கிவிடக்கூடும். பழைய திருகை வைத்துக்கொண்டால் அது பிடித்த இடத்தில் நிற்கும். கைப்பிடியையும் மறுமுனையில் விட்டுவைக்கலாம். அன்றாடம் வரும் பம்புசெட்டு வேலை நிற்காது. விவசாயி கொண்டுவருவது பெரும்பாலும் ஒற்றைப் பாகம். அதற்குக் கணினியில் கட்டளை எழுதி முடிப்பதற்குள் கையால் செய்து முடித்துவிடலாம்.

கணினிக்கு ஏற்ற வேலை எது? அவர் காட்டியது ஜக்கார்டு பெட்டியின் ஊசித் தகடு. 240 கொக்கிப் பெட்டி என்றால் 240 துளைகள். யாவும் சம இடைவெளியில். கையால் சுற்றி எண்ணிப் போடும்போது நடுவில் ஒரு சுற்று தவறினால் அதன்பின் உள்ள துளைகள் அனைத்தும் தவறும். கணினியோ ஒவ்வொரு துளையையும் ஒரே மூலையிலிருந்து அளக்கிறது. சுற்றுப்புறத் தறிகளுக்கு இத்தகடு தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது என்பதை இரண்டு நெசவாளர்களிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டோம்.

ஆனால் மதிப்பீட்டில் வேறொரு குறை இருந்தது. அவசர நிறுத்தப் பொத்தானும் கான்டாக்டரும் சேர்க்கப்படவில்லை. கணினிக்குச் சொல்லி நிறுத்தினால் போதும் என்று அவர் எண்ணியிருந்தார். இதை நாம் ஒப்பவில்லை. கணினி திகைத்து நின்றுவிட்டால் யாரிடம் சொல்வது? பொத்தானை அழுத்தினால் மோட்டார்களுக்கும் சுழலும் தண்டுக்கும் மின்சாரமே அறுபட வேண்டும். மின்தடை நீங்கி மின்சாரம் திரும்பும்போது தண்டு தானாகச் சுழலத் தொடங்கவும் கூடாது. கான்டாக்டர் இருந்தால் மீண்டும் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். மின்தடைக்குப்பின் தான் எங்கிருக்கிறோம் என்பதை ஸ்டெப்பர் மோட்டார் அறியாது. ஆகவே மூலையைக் கண்டுகொள்ள லிமிட் சுவிட்சுகளும் வேண்டும். தறியில் தோளில் துண்டோடு அமர்ந்து பழகிய வீடு அது. துண்டும் தொங்கும் வேட்டியும் சுழலும் துரப்பணத்துக்கருகே செல்லலாகாது என்பதைத் தந்தையாரிடமும் கூறினோம். இவற்றுக்கான செலவு முழு மதிப்பீட்டில் ஒரு சிறு பகுதியே. ஒரு விரலின் விலையோடு ஒப்பிட்டால் சொல்ல வேண்டியதில்லை.

குழு கடனை இரண்டு தவணையாக வழங்கத் தீர்மானித்தது. முதலில் மோட்டார், டிரைவர், பொத்தான், கான்டாக்டர், லிமிட் சுவிட்சு ஆகியவற்றுக்கு. பால் ஸ்குரூவுக்கு உண்டான இரண்டாம் தவணை, தகடு விற்று வரும் வரும்படியைப் பார்த்த பிறகு. நகையில் பாதிக்கு மேல் அன்றே வீட்டுக்குத் திரும்பிற்று.

அடுத்த முறை சென்றபோது முதல் தகடு தயாராக இருந்தது. நெசவாளர் பெரியவர் ஊசிகளை ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தார். ஒரு மூலையில் மூன்று ஊசிகள் இறுகின. மெல்லிய நீண்ட துரப்பணம் தகட்டைத் தொட்டவுடன் சற்று வழுக்கியிருக்கிறது, குறை கணினியினுடையதன்று. இப்போது குட்டையான சென்டர் டிரில்லால் 240 இடங்களிலும் முதலில் குழி பதித்துவிட்டு, பின்னரே துளையிடுகிறார்.